ஆசாரமும் உத்தியோகமும்

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணையில் வேலை கிடைத்த சைவ ஆசாரமுள்ள இளைஞர், ஒப்புக்கொள்ளுமுன், தம் கடமை கணக்கெழுதுவதோடு நிற்குமா, முட்டையைத் தரம் பிரிப்பதும், முட்டையிடும் பருவம் கழிந்த கோழிகளை இறைச்சிக்கு ஏற்றியனுப்புவதும் அதில் அடங்குமா என்று நேரில் விசாரித்தறிவது அவசியம். யூதர்களின் தர்மசாஸ்திரம் இவ்விஷயத்தில் வெகு நுட்பமானது. இறைச்சியும் பாலும் சேர்ந்த உணவைப் பற்றி, உண்பது, சமைப்பது, அதனால் ஆதாயமடைவது என மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்து, மூன்றையுமே விலக்குகிறது. அம்முறை நமக்கும் மிகவும் உபயோகமானது. உண்ணுதல், தொடுதல், விற்றல், கொலைக்குத் துணைபோதல் என்று பகுத்துப் பார்த்து, எது தம் மனச்சாட்சிக்கு இசையாதோ அதைப் பண்ணை முதலாளியிடம் முதல் சந்திப்பிலேயே விநயமாகத் தெரிவித்துவிடுக. மதிய போஜனத்துக்கு வீட்டிலிருந்தே தூக்குப் பாத்திரம் கொண்டு செல்லலாம்.