அம்மாவின் பாதத்தை ராத்திரி ஒருமுறை பார்

பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் அம்மாக்களை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. பிற்பகல் வெயிலில் மாட வீதியில் வெறுங்காலோடு நிற்பார்கள். பல வருஷமாக சுகர் இருக்கிறவர்களுக்குத் தார் ரோடு பட்டுக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. கேட்டால், "வலிக்கவே இல்லையே" என்பார்கள். எனக்குப் பயமே அதில்தான் தங்கச்சி.

வலி தெரியாத காலில் என்ன நடக்கிறது என்று புரிய, செல் எப்படிச் சாகிறது என்று முதலில் தெரிய வேண்டும். செல்கள் தினமும் சாகத்தான் செய்கின்றன. வேலை முடிந்த செல் தானாகச் சுருங்கி, துண்டாகி, பக்கத்துச் செல்களுக்கு இரையாகிவிடும், வீக்கமே இருக்காது. கருவில் துடுப்பு மாதிரி இருக்கும் கை, விரல் விரலாகப் பிரிவதும் இப்படித்தான். 1972இல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இதை நடத்தும் மரபணுக்களைக் கண்டறிந்த ஆய்வுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

சுகர் காலில் நடப்பது வேறு. நரம்பு மரத்துப்போகிறது, ரத்தக்குழாய் அடைகிறது. ஆக்சிஜன் கிடைக்காத செல்லுக்கு, உள்ளே புகும் உப்பையும் நீரையும் வெளியே தள்ளத் தெம்பு இருக்காது. ஊதி வெடித்து, உள்ளிருப்பதைச் சுற்றிலும் கொட்டிவிடும். அங்கே கிருமியும் சேர்ந்தால், மாத்திரை போட்டாலும் மருந்தைக் கொண்டுபோக ரத்த ஓட்டம் இல்லை. விரலை எடுக்கிற நிலை அப்படித்தான் வருகிறது.

அதனால் வலிக்காகக் காத்திருக்காதே, கண்ணால் பார். ராத்திரி அம்மா காலை மடியில் வைத்து, செல்போன் டார்ச் அடித்து, குதிகால், விரலிடுக்கு எல்லாம் பார். கூச்சப்படுவார்கள், விடாதே. கழுவிய பிறகு விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. பழைய பருத்தித் துணியால் ஒற்று. தேங்காய் எண்ணெய் குதிகால் வெடிப்புக்கு மட்டும், விரலிடுக்கில் வேண்டாம். வெந்நீரில் கால் ஊற வைப்பதும் ஆணியை பிளேடால் சீவுவதும் கூடவே கூடாது. புண்ணில் காபித்தூள், மஞ்சள் அப்பாதே. சுத்தமான தண்ணீரில் கழுவி, துணி கட்டி, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போ.

செருப்பு வாங்க பாண்டி பஜாருக்குச் சாயங்காலமாகப் போ. கால் லேசாக வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும். கட்டைவிரல் வளையம் வைத்தது வேண்டாம், மெத்தென்ற ரப்பர் அடியும் பின்பட்டையும் வைத்த எம்சிஆர் செருப்பு நல்லது. போடும் முன் உதறச் சொல். உள்ளே கல் கிடந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது. கபாலீஸ்வரர் கோயிலுக்கு, தரை சுடுவதற்கு முன் காலையிலேயே கூட்டிப்போ. பெசன்ட் நகர் மணலில் மத்தியான நடை வேண்டாம்.

1954இல் ராயபுரத்தில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சுகருக்கென்றே மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. பரிசோதனைக்கு இங்கே பஞ்சமே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கால் நாடியையும் பார்ப்பார்கள். டாக்டர் மறந்தாலும் நீ கேள். வீட்டில் சிகரெட் பிடிக்கிற அப்பா, அண்ணன் இருந்தால் அதையும் நிறுத்த வை. ரத்தக்குழாய்க்கு அது பெரிய எதிரி.

விரல் நிறம் மாறினாலோ, புண்ணில் நாற்றம் வந்தாலோ, ஒரு கால் மட்டும் சூடாக வீங்கினாலோ, புண்ணோடு காய்ச்சல் வந்தாலோ, ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப்போடாதே. ராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குப் போய்விடு.