தானியங்கும் தட்பவெப்பம்

எமது கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் இரெனோவின் ஈரமானியைக் கையாண்டோர் இம்மலரைப் படிப்போருட் பலர் இருப்பர். வெள்ளியாலான சிறு கலம், அதனுள் ஈதர், குழாய்வழியே காற்றைச் செலுத்த ஈதர் ஆவியாகிக் கலங் குளிரும், குளிர்ந்து ஒரு குறித்த நிலையை அடைந்ததும் பளபளத்த அதன் புறத்தே பனி படியும். அந்நிலையே பனிபடுநிலை என்று எழுதிப் புள்ளியும் பெற்றோம். அத்தகைய கலமொன்றினுள் நாமே அமர்ந்து மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்திற் செல்லுங் காலம் வரும் என்று அன்று எவர் நினைத்தார்?

2023 ஆம் ஆண்டு மார்கழியில், வகுப்புத் தோழர் இருவருடன் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்துகொண்டிருந்தோம். யப்பானிலிருந்து பாவித்ததாக இறக்குமதி செய்யப்பட்ட வண்டி. நாம் பின்னிருக்கையில் இருந்தோம். மழை விட்டுச் சிறிது நேரமாகியிருந்தது. இரவு ஒன்பது மணியளவிற் பரந்தனைக் கடந்து ஆனையிறவை அணுகுகையில் முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் வெண்மை படரத் தொடங்கிற்று. வண்டியோட்டிய நண்பர், கண்ணாடிமீது காற்றை வீசச்செய்யும் பொத்தானை அழுத்தினார். வெண்மை குறையாது தடித்தது. பக்கத்திலிருந்தவர் துணியெடுத்து உட்புறத்தைத் துடைத்தார், துணி நனையவில்லை. “மச்சான், ஒண்டும் தெரியேல்லை” என்று அவர் சொல்லி முடிக்குமுன், விளக்கில்லாத சைக்கிளொன்றின் பின்சில்லு எமக்கு நேர்முன்னே தோன்றியது. வண்டி நின்றபோது இடைவெளி இரண்டு முழந்தான் இருந்தது. சைக்கிளில் வந்தவர் திரும்பிப் பார்த்துச் சொன்னவற்றை விழா மலரில் அச்சிடல் தகாது. சாளரத்தைத் தாழ்த்திக் கையை நீட்டிக் கண்ணாடியைத் தடவியபோதுதான் ஈரம் புறத்தே இருப்பதை அறிந்தோம். வைப்பரை ஒருமுறை ஓட்டியதும் வீதி தெளிந்தது.

விஞ்ஞானம் படித்த மூவர் அவ்வண்டியில் இருந்தோம் என்பதை நினைக்குந்தோறும் வெட்கமே மிகுகின்றது. குளிரூட்டி செம்மையாகவே வேலைசெய்தது. அது எதனைச் செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் எம்முள் எவரும் அறிந்திலோம். கையேடு யப்பானிய மொழியில் இருந்தது என்பது ஒரு சமாதானமாகாது. ஆதலின், இக்கருவியின் இயல்பை இயன்றவரை தெளிவாக எழுத முற்பட்டோம்.

மோட்டார் வண்டியிற் குளிரூட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கும் வழக்கத்தை 1940 இல் அமெரிக்காவின் பக்காட் நிறுவனம் தொடக்கியது. அக்காலத்துக் கருவிக்குக் குளிர்விக்க மட்டுமே தெரியும். போதும் என்று சொல்லத் தெரியாது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டின் பின், 1964 ஆம் ஆண்டின் கடிலாக் வண்டிகளில், வேண்டிய வெப்பநிலையைக் குறித்துவிட்டால் வெப்பத்தையுங் குளிரையுந் தானே அளந்து கலக்கும் அமைப்பு வந்தது. இன்று சிறிய வண்டிகளிலும் ‘ஓட்டோ’ என்ற பொத்தானாகக் காணப்படுவது அதன் வழித்தோன்றலே.

இங்கே முதலில் உளங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பலகையில் ஒளிரும் 25 என்னும் எண், துவாரத்தினின்று வரும் காற்றின் வெப்பநிலை அன்று. வண்டியின் உள்ளிடம் அடையவேண்டிய வெப்பநிலை. அஃது இலக்கு, அளவீடன்று. அவ்விலக்கை எய்தும்பொருட்டுக் காற்று 8 பாகையிலும் வரலாம், 20 பாகையிலும் வரலாம், குளிர்நாட்டிற் காலைப்பொழுதில் 45 பாகையிலும் வரலாம். துவாரத்தின்முன் கையை நீட்டி, “25 என்று போட்டேன், இது பனிக்கட்டியாய் வருகிறதே” என்று குறைகூறுவோர் வைத்தியரின் மருந்தை நோயென்று மயங்குவோரை ஒப்பர்.

காற்று முதலில் ஆவியாக்கி என்னும் குளிர்ந்த சுருளின் ஊடாகச் செல்கின்றது. அச்சுருள் உறைநிலைக்குச் சற்றே மேலான குளிரில் வைக்கப்படும். பின்னர், எஞ்சினின் வெந்நீர் ஓடும் இன்னொரு சுருள் உண்டு. இரண்டுக்குமிடையே ஒரு கதவு; குளிர்காற்றில் எவ்வளவு பங்கு வெந்நீர்ச் சுருளின் வழியே செல்லவேண்டும் என்பதை அக்கதவு தீர்மானிக்கின்றது. குழந்தையைக் குளிப்பாட்டுந் தாய் வெந்நீருந் தண்ணீருங் கலந்து விரலால் தொட்டுப் பார்த்து மீண்டுங் கலப்பது போன்ற செயலே இது. குளிர்வித்த காற்றை மறுபடி சூடாக்குவது வீண்செலவு என்று தோன்றும். ஆயினும் குளிர்ந்த சுருளிற் படும்போதே காற்றின் ஈரம் நீராய் வடிகின்றது. அவ்வுலர்ச்சியே பாதிச் சுகம். வில்லிஸ் கரியர் 1902 இல் நியூயோர்க்கின் புறூக்கிளினில் ஓர் அச்சகத்துக்காகத் தம் முதற் கருவியை வகுத்தபோது அச்சகத்தார் வேண்டியது குளிரன்று; காகிதம் ஈரத்தில் விரிந்து சுருங்காதிருப்பதே அவர்தம் வேண்டுகோள்.

இனி, நண்பர்கள் எம்மிடங் கூறும் முறைப்பாடுகளுக்கு வருவாம்.

வெயிலில் நின்ற வண்டியுள் ஏறியவுடன் எண்ணை 18க்கு இறக்குதல் எங்கும் உள்ள பழக்கம். உள்ளே 50 பாகை இருக்கையில் 25 என்று வைத்தாலுங் கருவி தன் முழுவலுவோடுதான் இயங்கும். 18 என்று வைத்தால் இன்னொரு வலு பிறந்துவிடாது. வேறுபாடு பின்னரே தெரியும்: 25ஐ அடைந்தபின்னும் அது நிற்காது, பின்னாலிருக்கும் மாமி சேலைத்தலைப்பை இழுத்துப் போர்த்துகையில், மீண்டும் எண்ணை 28க்கு ஏற்றுவோம். இவ்வாறு ஏற்றியும் இறக்கியும் அலைப்பவர் நாமே. அலைகின்றது என்ற பழி கருவிக்கு. ஏறியதும் இரண்டு சாளரங்களைத் திறந்து வெங்காற்றை ஒரு நிமிடம் வெளியேற்றுதல் 18ஐக் காட்டிலும் விரைவிற் பயன்தரும்.

எண் முடிந்து ‘லோ’ என்ற எழுத்து வரும்வரை இறக்கிவிட்டால் நிலைமை வேறு. அது மிகக் குறைந்த வெப்பநிலை என்று பொருள்படாது. அளப்பதை நிறுத்திவிட்டு முழுக்குளிரையே தருக என்னுங் கட்டளை அது. கலக்குங் கதவு ஒருபுறமாய் அடைபட்டு நிற்கும். ஆனையிறவில் எமது வண்டி அந்நிலையிலேதான் இருந்தது. புத்தளத்தில் நண்பகல் வெயிலில் எவரோ இறக்கியது. பின்னர் எவருந் தொடவில்லை. எவரோ என்றோம், நாமேதான்.

தாய்க்கு விரல்போல இக்கருவிக்கு உணரிகள் உண்டு. முகப்புப் பலகையிற் சாரதியின் முழங்காலுக்கு அண்மையிற் சிறு சல்லடை போன்ற துவாரமொன்றைப் பல வண்டிகளிற் காணலாம். உள்ளிடத்துக் காற்றைச் சிறிது சிறிதாக உறிஞ்சி அளக்கும் உணரி அதன் பின்னே உண்டு. பலகையின் மேற்பரப்பிற் கண்ணாடியோரமாக உள்ள கருங்குமிழ் வெயிலை அளப்பது. முன்புறத் தாங்கியின் பின்னே இருப்பது வெளிவெப்பநிலையை அளப்பது. கருவி கோணலாக நடப்பதாகத் தோன்றின், இம்மூன்றனுள் எது ஏமாற்றப்படுகின்றது என்று முதலில் ஆராய்க.

எம் நண்பர் ஒருவரின் வண்டி காலையில் நன்கு குளிர்வித்தது. நண்பகலில் முகம் எரிந்தது. கராச்சு ஒன்றில் இரண்டு தடவை வாயு நிரப்பிக் காசு வாங்கினர். அதன் பெயர் இங்கு வேண்டா. நாம் சென்று பார்த்தபோது, வெயிலுணரியின்மேல் ஓரங்குல உயரமான பித்தளைப் பிள்ளையார் ஒட்டப்பட்டு வீற்றிருந்தார். விக்கினம் தீர்ப்பவர் வெயிலையுந் தீர்த்துவிட்டார்; வெளியே முகில் மூடியிருப்பதாகவே கருவி எண்ணிக்கொண்டிருந்தது. நண்பரின் தாயார் நல்ல நாள் பார்த்து அவரை நான்கு விரற்கடை நகர்த்த இசைந்தார். சல்லடையில் அடைந்திருந்த தூசியையுந் தூரிகையால் தட்டினோம். வாயு நிரப்ப வேண்டியிருக்கவில்லை.

வெயிலுணரியின் இன்னொரு குணத்தையுஞ் சொல்லல் வேண்டும். சித்திரை வைகாசியிற் பிற்பகல், புத்தள வீதிவழியே வடக்கு நோக்கி வருவோர்க்கு வெயில் இடப்புறத்தில் விழும். இந்நாட்டிற் சாரதி வலப்புறத்தில் அமர்பவர். அவர் நிழலில் இருப்பார். வெயிலைக் கண்ட கருவி குளிரைக் கூட்டும். இடப்புறத்தவர் மகிழ்வார், சாரதி நடுங்குவார். ஞாயிறு மறைந்ததும் விசிறியின் ஓசை தானே அடங்கும். களைத்துவிட்டது என்று சிலர் அஞ்சுவர். வேலை குறைந்தது, அவ்வளவே. இரு புறத்துக்கும் வேறுவேறு எண் வைக்கக்கூடிய வண்டியாயின் இவ்வழக்கு எழாது.

வெளிவெப்பநிலை காட்டும் எண்ணை நம்பிச் சண்டையிடுவோரும் உளர். நிற்கும் வண்டியில் எஞ்சினின் சூடு அவ்வுணரியைத் தாக்கும். அதனால், பல வண்டிகளிற் கணினி அந்த எண்ணை உடனே உயர்த்தாது, ஓடத் தொடங்கிச் சிறிது நேரஞ் சென்றபின்னரே மெல்ல மாற்றும். தேநீர்க்கடை வாசலில் அது காட்டுவது பழைய செய்தி.

ரொறன்ரோவிலிருந்து எழுதும் பழைய மாணவர் ஒருவர், தை மாதக் காலையில் ‘ஓட்டோ’வை அழுத்தினால் விசிறி சுழல மறுப்பதாகக் கூறினார். எஞ்சினின் நீர் சூடேறுமுன் விசிறியைச் சுழற்றினால் கால்களிற் பனிக்காற்றே வீசும். ஆகையாற் கருவி காத்திருக்கின்றது. எமது வெயிலிலுஞ் சில வண்டிகள், சுருள் குளிரும்வரை சில விநாடி தயங்கும். இன்னொன்று: விசிறியின் விசையையோ காற்றின் திசையையோ கையால் மாற்றின் ‘ஓட்டோ’ விளக்கு அணைந்துவிடும். அதன்பின் அப்பகுதி எம் பொறுப்பு. பலர் இதைக் கவனிப்பதில்லை.

இனி ஆனையிறவுக்கு மீள்வாம். கண்ணாடி மங்குதல் இரு வகை. முதலாவது உட்புற மங்கல். மழையில் நனைந்த உடையோடு நால்வர் ஏறி மூச்சுவிட, உட்காற்று ஈரத்தால் நிறையும். மழைபட்டுக் குளிர்ந்த கண்ணாடியின் உட்பக்கத்தில் அது படியும். விரலால் உள்ளே கோடிட்டால் கோடு தெரியும். முன்கண்ணாடிப் பொத்தான் இதற்கே உரியது; அதனை அழுத்த, உலர்ந்த காற்றுக் கண்ணாடியிற் பாய்ந்து ஈரத்தைக் கவரும். குளிர்நாடுகளிலும் அப்பொத்தானோடு குளிரூட்டி சேர்ந்து இயங்குவது இவ்வுலர்த்தற்பொருட்டே. அஃது ஒரு பழுதன்று. வெப்பநிலையைச் சற்று உயர்த்தி, வெளிக்காற்றை உள்ளே விடின் இன்னும் விரைவிற் றெளியும்.

இரண்டாவது புறமங்கல், இதுவே எமது நாட்டுக்குரியது. மழை விட்ட இரவில் வெளியே 27 பாகையும் 90 வீத ஈரப்பதனும் இருப்பின், பனிபடுநிலை ஏறக்குறைய 25 பாகை. உள்ளிருந்து வீசுங் காற்றால் கண்ணாடி 25க்குக் கீழே குளிர்ந்தாற் போதும். வெளிக்காற்றின் ஈரம் அதன் புறத்தே படியும். ‘லோ’வில் நின்ற வண்டியில் முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்தியது ஈதருக்குள் இன்னும் வேகமாகக் காற்றை ஊதியதற்கொப்பாயிற்று. துணியால் உள்ளே துடைப்பதாற் பயனில்லை. செய்யவேண்டியது: வைப்பரை ஓட்டுக, காற்றைக் கண்ணாடியினின்று முகத்துக்கோ காலுக்கோ திருப்புக, எண்ணை 26 அளவுக்கு உயர்த்துக. இம்மூன்றும் ஐந்து விநாடி வேலை. ஐயம் நேர்ந்தால் முதலிலே வைப்பர். புறத்தே ஈரம் இல்லையெனில் நட்டம் ஒன்றுமில்லை.

இதனினுங் கொடியது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. உட்காற்றையே மீளமீளச் சுழற்றும் பொத்தானைப் பலர் கொழும்பிற் புகைக்கு அஞ்சி அழுத்தி, யாழ்ப்பாணம் வரை விடுவதில்லை. கடும் வெப்பத்திற் கருவியே அவ்வழியைத் தெரிவதும் உண்டு. ஆயின் வெப்பந் தணிந்தபின் பல வண்டிகளில் தானே வெளிக்காற்றுக்கு மாறும். கையால் அழுத்தியது பெரும்பாலும் அப்படியே நிற்கும். சும்மா இருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 இலீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுவர். நால்வர்க்கு 72 இலீற்றர். பத்து நிமிடத்தில் 12 இலீற்றர். உள்ளிடம் 3,000 இலீற்றர் எனவும், காற்றுக் கசியாது எனவுங் கொள்வோமாயின், பத்து நிமிடத்திலேயே பத்தாயிரத்தில் 40 பங்கு கூடிவிடும். வெளிக்காற்றில் உள்ளதோ பத்தாயிரத்தில் நாலு பங்குக்குச் சற்று மேல். வண்டி ஓரளவு கசியுமாதலால் உண்மையில் இவ்வளவு விரைவாக ஏறாது. எனினும் தலைக்கனமும் சோர்வுந் தோன்றப் போதிய அளவுக்கு ஏறும். வவுனியாவுக்கு வடக்கே நேராய் நீளும் ஏ9 வீதியில் இரவு இரண்டு மணிக்குச் சாரதியின் கண் அயர்வதற்கு நித்திரைக்குறைவே முதற் காரணம். அதற்குத் துணைக்காரணம் ஒன்றை நாமே பொத்தானால் அழுத்திச் சேர்த்தல் ஏன்? நகர்ப்புகையைக் கடந்ததும் அதனை விடுவித்துவிடுக. கண் அயர்ந்தால் வெளிக்காற்றும் போதாது. நிறுத்தி உறங்கவே வேண்டும்.

வண்டி நின்ற இடத்தில் அடியில் நீர் சொட்டுவது கண்டு பதறவேண்டா. 80 வீத ஈரமுள்ள 30 பாகைக் காற்றின் ஒரு கனமீற்றரில் 24 கிராம் நீருண்டு. 5 பாகைக்குக் குளிர்ந்தபின் அது 7 கிராம் அளவையே தாங்கும். எஞ்சியது சொட்டத்தானே வேண்டும். சொட்டாதிருந்து கால்விரிப்பு நனையுமாயின் வடிகுழாய் அடைபட்டது என்று கொள்க. ஏறியவுடன் புளித்த ஈரத்துணி மணம் வீசின், சுருளிற் பூஞ்சணம் பிடித்திருத்தல் கூடும். வீட்டை அடைய ஐந்து நிமிடம் இருக்கையில் குளிரூட்டியை மட்டும் நிறுத்தி விசிறியை ஓடவிட்டால் சுருள் உலரும். முன்னாலுள்ள சாமான் பெட்டியைக் கழற்றினால் அதன் பின்னே காற்றுவடி உண்டு. எமது வண்டியினதைச் சென்ற மாதம் இழுத்தெடுத்தபோது செம்மண்ணும் வேப்பிலையுமாய் ஒரு கைப்பிடி வந்தது.