பொழுதுபட்டால் தடுமாறும் பிள்ளை

பசளை குறைந்த நெற்பயிரில் முதலில் அடியிலைகள் மஞ்சளாகும். பிறகு பயிர் குன்றும். கடைசியில் விளைச்சல் போகும். மஞ்சளைக் கண்டவுடன் பசளை இடும் கமக்காரன் பயிரைக் காப்பாற்றிவிடுகிறான். பிள்ளையின் உடலும் இப்படியே. நோய்க்கும் நிலைகள் உண்டு. விற்றமின் 'ஏ' குறைபாட்டைக் கொண்டு இதனை நாம் விளங்கிக்கொள்வோம்.

ஒரு தாய் எம்மிடம் சொன்னார்: "பகலில ஓடித் திரியிறவன், பொழுதுபட்டால் சட்டி பானையில இடறி விழுறான் சுவாமி. குழப்படி எண்டு அடிச்சும் போட்டன்." அது குழப்படியன்று, மாலைக்கண்.

முதலாம் நிலை: வெளியே ஒன்றும் தெரியாது. ஈரலில் சேமிக்கப்பட்ட விற்றமின் 'ஏ' குறைந்து வரும். நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும்.

இரண்டாம் நிலை: மங்கிய வெளிச்சத்தில் கண் தெரியாது.

மூன்றாம் நிலை: வெள்ளைவிழி வறண்டு, சவர்க்கார நுரை போன்ற திட்டுக்கள் தோன்றும்.

நான்காம் நிலை: கருவிழி வறண்டு புண்ணாகும். இந்தப் புண்ணால் இழந்த பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

சின்னமுத்து வந்த பிள்ளையும் மிக மெலிந்த பிள்ளையும் இடைநிலைகளைக் காட்டாமலே கடைசி நிலைக்குப் போகக்கூடும். ஆகவே மாலையில் பிள்ளை தடுமாறினால் அடுத்த நாளே குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கண் வலித்தாலோ மங்கினாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். விற்றமின் 'ஏ' மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அளவு கூடினால் தீங்கு.

அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி வயிற்றை நிரப்பும். ஆனால் இந்த விற்றமினைத் தரமாட்டா. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, பப்பாசிப்பழம், பூசணி, முட்டை மஞ்சட்கரு ஆகியவை தரும். இலைக்கறியைத் தேங்காய்ப்பாலோ சிறிது எண்ணெயோ சேர்த்துச் சமைத்தால் உடல் அதை நன்கு ஏற்கும். குழந்தை பிறந்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிறத் தாய்ப்பாலில் இது நிறைய உண்டு. அதைப் பீச்சி எறியாதீர்கள்.

"இது எங்கட காணியில்லையே, ஏன் நடுவான்?" என்று சிலர் கேட்கிறார்கள். முருங்கைத் தடி ஒன்றை ஊன்றச் செலவில்லை. சில மாதங்களில் இலை பறிக்கலாம். நாம் ஊர் திரும்பினாலும், அந்த இலை இன்னொரு பிள்ளையின் கண்ணைக் காக்கும்.

கலந்துரையாடுவோம்:
1. எமது பிள்ளைகளில் யாராவது பொழுதுபட்டதும் விளையாட்டை விட்டு ஒதுங்குகிறார்களா?
2. எமது குடிசையைச் சுற்றி இந்த மாதம் எதை நடலாம்?