ஆச்சி காதில் கிடந்த ஈர்க்கு

அன்புள்ள கனிக்கு,

பெரியம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ எப்போதும் அடுத்த போன் வருகிறது என்பாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். இது பாதியில் நிறுத்தக்கூடிய பேச்சு இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தீபாவளிக்கு உங்கள் ஆபீஸில் முந்நூறு பேருக்குப் பரிசு வாங்கும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது என்றதும் சந்தோஷப்பட்டேன். டிரை ஃப்ரூட் டப்பாவுக்குப் பதிலாக நம்மூர் ஓலைப்பெட்டியில் கருப்பட்டி வைத்துக் கொடுக்கலாமா என்று நீயாகவே கேட்டாயே, அப்போதே உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றியது. பெட்டி தொண்ணூறு ரூபாய் என்றேன், சரி என்றாய். அதற்குப் பிறகு சொன்னாய்: "பில் அனுப்பச் சொல்லுங்க பெரியம்மா, அறுபது நாளில் பணம் வந்துடும். எல்லாருக்கும் அப்படித்தான்."

சாதாரணமாகத்தான் சொன்னாய். உன் மனசில் ஒரு கெடுதலும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சை நான் 1981 தீபாவளிக்கே கேட்டுவிட்டேன் கனி.

அந்த மிட்டாய்க் கடைக் கதை உனக்குத் தெரியும், உன் அம்மா சொல்லியிருப்பாள். அவள் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன், அப்போது அவள் சின்னப்பிள்ளை. இருநூற்றைம்பது பெட்டி. பெட்டி ஒன்றே முக்கால் ரூபாய். ஆச்சி ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் முடைவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓலை வார்ந்து கொடுப்பேன். ஓலைக்கும் சாயத்துக்கும் அந்த மாதத்து அரிசிக்கும் கம்மலை அடகு வைத்திருந்தாள். பெட்டியைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் இறக்கினோம். கடைக்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். தீபாவளி முடியட்டும் என்றார். முடிந்ததும், சரக்கு தேங்கிவிட்டது, பொங்கலுக்குப் பார்க்கலாம் என்றார். மாசி மாதம் பாதிப் பணம் வந்தது. கூடவே நாற்பது பெட்டி பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது. அதற்குள் கம்மல் மூழ்கிப்போனது.

அவர் கெட்ட மனிதர் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆச்சியின் முழுக் கூலியும் அவருக்குத் தீபாவளி நாளில் ஒரு மணி நேரத்துக் கல்லா. அதனால்தான் அதை ஒத்திப்போட அவருக்குக் கூசவில்லை. உன் அம்மாவின் கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார். ஆச்சி காதில் மின்னுவது என்ன என்று சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய். ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்கச் செருகிய பனை ஈர்க்கு அது. மகள் கல்யாணத்துக்கு என்று மினுக்கி வைத்திருந்தாள். கடைசிவரை அந்தக் காதில் பொன் ஏறவில்லை.

இதை உன்னைக் குற்றவாளி ஆக்க எழுதவில்லை. அறுபது நாள் என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று உன் மேஜையிலிருந்து தெரியாது, அதற்காக எழுதுகிறேன்.

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. ஐப்பசி நமக்கு மழை மாதம். குருத்தோலை வெட்டி வெயிலில் காயப்போட்டால்தான் வெளுக்கும். ஈரம் இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், முடைந்த பிறகு பூஞ்சை பூக்கும். ஆகவே ஓலை வேலை எல்லாம் புரட்டாசி வெயிலுக்குள் முடிந்தாக வேண்டும். நம் தெருவில் இப்போது பெட்டி முடைகிறவர்கள் ஐந்து பேர்தான். மூடியோடு, உன் ஆபீஸுக்குக் கொடுக்கிற மாதிரி நறுவிசாக முடைந்தால் ஒருத்திக்கு ஒரு நாளைக்கு நாலு பெட்டி. முந்நூறுக்குப் பதினைந்து நாள். அதற்கு முன்னால் பனையேறிக்குக் கூலி, சாயம், விறகு. இவ்வளவும் அவர்கள் கைக்காசு. நீ சொல்லும் அறுபது நாள் பில் கொடுத்த அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. கூட்டிப் பார்த்தால் ஓலை வெட்டின பணம் மார்கழியில்தான் திரும்பி வருகிறது. அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே! இப்போது கம்மல் இருக்கிறவர்கள் குறைவு. வாராவாரம் தவணை வசூலிக்க வரும் மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அறுபது நாள் கேட்க முடியுமா?

கருப்பட்டியும் இதே கதைதான். பதநீர் இறக்குவது ஆடியோடு ஓய்ந்துவிட்டது. நீ தீபாவளிக்கு வாங்குவது கோடையில் காய்ச்சி, ஈரம் படாமல் பரணில் ஏற்றி வைத்திருப்பது. அந்தப் பணம் ஏற்கெனவே ஆறு மாதமாக முடங்கிக் கிடக்கிறது. நம் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கும் பெருமைதான். ஆனால் குறியீட்டைக் கொடுத்து அரிசி வாங்க முடியாது. விலையை அடித்துப் பேசி, கடனும் சொல்கிறவர்களுக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? சீனிப்பாகு கலந்ததுதான் கிடைக்கும். காய்ச்சுகிறவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

உங்கள் கம்பெனி வழக்கம் என்று சொன்னாய். வழக்கத்துக்கு மேலே சட்டம் இருக்கிறது. 2006இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, சின்ன உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் பிடி போட்டிருக்கிறார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது. உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு இது தெரியாமல் இருக்காது. பெரிய கம்பெனி, சட்டத்துக்குப் பயந்து வழக்கத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேச, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வேண்டும். ஆதார் வைத்து இலவசமாகச் செய்துவிடலாம்தான். இந்த ஐந்து பேரில் ஒருத்தியும் செய்யவில்லை. இவர்கள் குழுவின் பெயரில் போட நான் அலைந்துகொண்டிருக்கிறேன், இந்த மாதத்துக்குள் ஆகிவிடும். ஆகாவிட்டாலும், சட்டம் கைக்கு எட்டாதவளிடம் சட்டம் அனுமதிக்காத கெடுவை நீ கேட்கலாமா?

உன் முடிவு உன்னுடையது. நான் வற்புறுத்த மாட்டேன். டிரை ஃப்ரூட் டப்பாவே வாங்கினாலும் பெரியம்மாவுக்குக் கோபமில்லை. பிளாஸ்டிக் தட்டை மறுநாளே வேலைக்காரம்மா குப்பையில் போடுவாள், பாதாம் நாலு நாளில் தீரும். அந்த வியாபாரி அறுபது நாள் தாங்குவார், அவருக்கு வங்கி கடன் தருகிறது. ஓலைப்பெட்டி என்றால் உங்கள் ஆபீஸ் பெண்கள் பத்து வருஷம் பொட்டும் ஊசிநூலும் போட்டு வைத்துக்கொள்வார்கள். இரண்டையும் எடைபோட்டுப் பார்.

எங்கள் பெட்டியேதான் வேண்டும் என்பதும் இல்லை. பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்கள் சின்னச் சின்னப் பைகளும் செய்கிறார்கள். சென்னையிலேயே பூம்புகார் கைவினைக் கடை இருக்கிறது, வள்ளுவர் கோட்டம் பக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் சுயஉதவிக் குழுப் பொருள்கள் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் ஒன்று கேட்கிறேன்: செய்கிறவள் கையில் பணம் எப்போது போகும் என்று கேட்டுவிட்டு வாங்கு. விலையைக்கூடக் கேட்டுக் குறைத்துக்கொள், பெண்கள் முடிந்தால் தருவார்கள், முடியாவிட்டால் முடியாது என்பார்கள். கடனுக்கு முடியாது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. எங்கே அடுத்த வருஷம் கூப்பிடாமல் போய்விடுவார்களோ என்ற பயம். ஆச்சியும் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை.

இன்னொன்றும் என் மனசில் உறுத்தியது. "நம்ம ஊர் ஏழைப் பெண்களுக்கு உதவின மாதிரி இருக்கும்" என்றாய். கார்டிலும் அப்படி அச்சடிக்கப் போவதாகச் சொன்னாய். வேண்டாம் கனி. அவர்கள் வேலை செய்கிறார்கள், நீ விலை கொடுக்கிறாய். பெட்டி முடைந்தவர் பெயரைப் போடு, ஊர்ப் பெயரைப் போடு. உதவி என்ற சொல் மட்டும் வேண்டாம்.

முந்நூறு பெட்டிக்கு இருபத்தேழாயிரம். பாதி, பதின்மூவாயிரத்து ஐந்நூறு, முன்பணமாக வேண்டும். மீதி சரக்கு வந்து எண்ணிப் பார்த்த ஒரு வாரத்துக்குள். உன் மேலதிகாரியிடம் ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டுப் பார். கேட்காமலேயே வழக்கம் என்று சொல்லிவிட்டாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நிறைய எழுதிவிட்டேன். படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உன்னைப் பெற்றவள் மயக்கம் தெளியுமுன் உன்னை முதலில் கையில் வாங்கியவள் நான். முந்நூறு பேர் பரிசை நம்பி ஒப்படைக்கிற அளவுக்கு நம் வீட்டுப் பிள்ளை வளர்ந்திருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து பிரெட் தின்றுவிட்டுப் படுக்கிறாயாம், அம்மா அழுகிறாள். மாப்பிள்ளையிடம் சொல்லி நேரத்துக்குச் சாப்பிடு. சுக்குக் கருப்பட்டி இரண்டு கிலோ, உனக்குப் பிடித்த எள்ளுருண்டை, ஆச்சியின் பழைய சிவப்புப் பெட்டி, மூன்றும் பார்சலில் வருகிறது. பெட்டி உனக்கே, திருப்பித் தர வேண்டாம். நீ எதைத் தீர்மானித்தாலும் என் செல்லப்பிள்ளை நீதான், அதில் மாற்றமில்லை.

பனையேறி வருகிற வெள்ளிக்கிழமை ஓலை வெட்ட வருகிறார். குழுவின் வங்கிக் கணக்கு எண்ணைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முன்பணம் வருமா வராதா என்று வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு. வராது என்றாலும் சொல், நான் ஓலை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
பெரியம்மா