கோசாலைக்குப் புதிதாய் வந்த பிள்ளைகளுக்கு

கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், பதினாறு வருஷம் ஒரு சிவன் கோயில் கோசாலையில் கிடந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் துடைப்பமும் கூடையுமாக வந்து நிற்கிற உங்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. சாணியில் கை வைக்குமுன் சிலது சொல்லிவிடுகிறேன்.

1. தலையை எண்ணுங்கள், அப்புறம் பதிவேட்டைக் கேளுங்கள். வரவை எல்லாக் கோயிலிலும் எழுதுவார்கள், ரசீது போட்டாக வேண்டுமே. செத்தது, யாருக்கோ கொடுத்தது என்கிற பக்கம்தான் வெறுமையாகக் கிடக்கும். நான் போன முதல் மாதம் ஏட்டில் 41 மாடு, தொழுவத்தில் 28. மிச்சம் எங்கே என்றேன். "சாமி எடுத்துக்கிட்டார்" என்றார் பொறுப்பாளர். சாமி எடுத்துக்கொண்டாலும் அதற்கு ஒரு தேதி இருக்கும், காதில் போட்ட வில்லைக்குப் பன்னிரண்டு இலக்க எண் இருக்கும், அதை எழுதி வையுங்கள் என்றேன். ஆறு மாதம் அவர் என் முகத்தில் விழிக்கவில்லை.

2. நேர்த்திக்கடனாக வரும் கன்றுகளைப் பற்றி யாரும் உங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள். ஜெர்சிக் கலப்பில் காளைக்கன்று பிறந்தால் பால் கறந்து பிழைப்பவருக்கு அது வெறும் செலவு. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. கன்று குடிக்கிற ஒவ்வொரு லிட்டரும் சொசைட்டியில் காசு. அதனால் நாலாம் நாளே மஞ்சள் பூசி, மாலை போட்டு, கோயில் தூணில் கட்டிவிட்டுப் போய்விடுவார். அவரைத் திட்டாதீர்கள், அவர் பாடு அது. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்று மட்டும் விடாமல் கேளுங்கள். நோயைத் தாங்கும் சக்தி கன்றுக்கு அதிலிருந்துதான் கிடைக்கிறது. ஒரு நாள் கழிந்துவிட்டால் குடல் அந்தச் சக்தியை உள்ளே வாங்காது. சீம்பால் காணாத கன்று பெரும்பாலும் கழிச்சலில் போய்விடும்.

25 கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை லிட்டர் பால் வேண்டும். அது எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் ரசீது கிழிப்பவர், வாங்கும்போதே அந்தக் கன்றைக் கைவிட்டுவிட்டார். 'மூன்று மாதம் நிறையாத கன்றை ஏற்பதில்லை' என்று நாங்கள் பலகை வைத்தோம். கோமாதாவைத் திருப்பி அனுப்பும் பாவிகள் என்று பேசினார்கள். பலகையை எடுக்கவில்லை, கன்றுச் சாவு குறைந்தது.

3. சர்க்கரைப் பொங்கலோடு வருகிறவர்களிடம் பக்குவமாகப் பேசுங்கள். மாட்டின் வயிறு நாரை அசைபோட உண்டானது. சோறும் வெல்லமும் அளவு மிஞ்சினால் உள்ளே புளித்து அமிலமாகும், மாடு படுத்துவிடும், சில மாடு எழுந்திருக்காது. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் எந்தக் கால்நடை மருத்துவரையும் கேட்டுப் பாருங்கள். "கொடுக்காதீங்க" என்றால் முகம் சுண்டிப்போகும். "ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுங்களேன், அக்கா" என்றால் வாங்கி வந்துவிடுவார். (அமாவாசையன்று நானூறு பேர் ஆளுக்கொரு கட்டு கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பது தனிக்கதை.)

4. தீவனப் பில்லைப் பெருக்கிப் பாருங்கள். 350 கிலோ பசுவுக்கு நாளுக்கு 25 கிலோ பசுந்தீவனம், 5 கிலோ வைக்கோல் என்று வையுங்கள். 28 உருப்படிக்குப் புல் மட்டும் 700 கிலோ. வண்டியில் இறங்குவது அதில் பாதி என்றால் விலா எலும்பிலேயே அது தெரியும்.

5. மாட்டுக்காரரை முதல் குற்றவாளி ஆக்காதீர்கள். முப்பது மாட்டுக்கு ஒற்றை ஆளை வைத்து, சம்பளத்தையும் இழுத்தடித்தால் அவர் எதைக் கவனிப்பார்? 2021 பிப்ரவரியில் தேக்கம்பட்டியில் கோயில் யானைகளுக்கு நடந்த நலவாழ்வு முகாமில் ஸ்ரீவில்லிபுத்தூர் யானை அடிவாங்கும் படம் வெளியே வந்தது. பாகனைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். செய்ய வேண்டியதுதான். அடித்தவர் மேல் இருந்த கோபம், படம் எடுத்தவர் மேலும் சிலருக்கு வந்ததை நான் பார்த்தேன். கோயில் மானம் போய்விட்டதாம். அடி விழுந்தபோது போகாத மானம் அது.

6. குறையை முதலில் உள்ளே சொல்லுங்கள், எழுதிச் சொல்லுங்கள், தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். செயல் அலுவலருக்கு ஒன்று, அறங்காவலருக்கு ஒன்று. பதில் வராவிட்டால் மேலே போங்கள். தன் மிருகத்துக்குப் போதிய தீனி, தண்ணீர், நிழல் தராத உரிமையாளர் குற்றவாளி என்று 1960ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. கோயிலுக்கு அதில் விலக்கு இருப்பதாக நான் படிக்கவில்லை. எதிராளி பேசும்போது குறுக்கே விழாதீர்கள், பாதி நேரம் அவரிடம் பணம்தான் இருக்காது.

7. விடை கிடைக்காத கேள்விகளும் வரும். சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேஸ்வரி எழ முடியாமல் புண்ணோடு கிடந்தபோது, மருத்துவர் சான்று தந்தால் கருணைக்கொலை செய்யலாம் என்று 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அப்படிச் செய்யும் முன்பே யானை தானாக உயிரை விட்டது. எங்கள் கோசாலையில் அதைப் பற்றி இரண்டு சாயங்காலம் விவாதித்தோம். பாவம் என்றார் குருக்கள், வலியில் விடுவதும் பாவம்தானே என்றேன். இருவரும் ஜெயிக்கவில்லை. பேச்சு முடிந்ததும் சேர்ந்துதான் டீ குடித்தோம்.

8. இது என் குற்றம். கும்பாபிஷேகத்துக்கு மூன்று நாள் இருக்கையில் ஒரு சினைப்பசு செத்தது. பிரேதப் பரிசோதனை கேட்டால் பேச்சு கிளம்பும் என்று நானே புதைக்கச் சொன்னேன். பதிவேட்டில் 'முதுமை' என்று எழுதினேன். அதற்கு ஐந்து வயது. நாலு மாதத்தில் இன்னும் இரண்டு போயின. மூன்றாவதை அறுத்துப் பார்த்த மருத்துவர் முதல் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக்கைக் கை கையாக இழுத்துப் போட்டார். அன்னதான மண்டபத்துக்குப் பின்னால் கொட்டிய எச்சில் இலையோடு பைகளும் கிடந்திருக்கின்றன. முதல் மாட்டை அறுத்திருந்தால் மற்ற இரண்டும் பிழைத்திருக்கும். கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. சொன்ன அன்றே குப்பை மேட்டுக்கு வேலி போட்டார்கள்.

9. வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. இந்த மாதம் வந்தவை, ஈன்றவை, நோயுற்றவை, இறந்தவை, இறந்த காரணம் என்று ஐந்து கட்டம் போட்டிருக்கிறேன். தரிசனத்துக்கு வருகிற எல்லோர் கண்ணிலும் படும். அதை எடுக்கச் சொல்லி இருமுறை கேட்டார்கள். கைநடுக்கத்தால் என் எழுத்து இப்போது கோணலாக விழுகிறது. அடுத்த ஞாயிறு யாராவது சாக்பீஸ் வாங்கி வாருங்கள்.