மழைநாளில் ராஜகிரி ஏறுவோருக்கு

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் கண்ணுக்கு எட்டியவரை கடலும் வயலும்தான். அதனால் அரையாண்டு விடுமுறை விட்டதும் பிள்ளைகள் கேட்பது மலை. எங்களுக்குப் பக்கத்து மலை செஞ்சி. மராட்டியர் கோட்டைகள் 12-இல் ஒன்றாக 2025 ஜூலையில் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு என்னிடம் வழி கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள்.

அந்த விடுமுறை வருவது மார்கழியில், வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓயாத நேரத்தில். செஞ்சிக் கோட்டைக் குன்றுகளில் ஒன்றான ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம்தான். ஆனால் நனைந்த பாறையில் அந்த 800 அடிக்கும் தனி ஆயத்தம் வேண்டும். மழைக்கால ஏற்றங்களில் நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

நம்மூர் வானத்தை நம்பாதீர்கள். கடலூரில் வெயில் அடிக்கும்போதே செஞ்சியில் கொட்டும். செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தின் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். முந்தைய நாட்களின் மழையையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது அதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. பெய்தது. அந்தப் புயல் மழையில்தான் டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தார்கள். கனமழை நின்ற மறுநாளே மலைக்குப் போக வேண்டாம்.

காலுக்கு. அடியில் ஆழமான வரிப்பள்ளம் உள்ள ஷூ போடுங்கள். தேய்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம். பச்சையோ கறுப்போ படிந்த கல்லில் கால் வைக்காதீர்கள். படியின் நடுப்பகுதி தேய்ந்து வழவழப்பாக இருக்கும், ஓரமாக ஏறுங்கள்.

இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். உச்சிக்குச் சற்றுக் கீழே ஆழமான பிளவைக் கடக்கும் பாலம் இருக்கிறது. அங்கே வீசும் காற்றில் குடை நம்மையே இழுக்கும், மழைக்கோட்டுதான் சரி. கையில் பை தொங்கினால் குரங்கு பாய்ந்து பிடுங்கும், ஈரப் படியில் நாம் தடுமாறுவோம். சாப்பாடு முதுகுப் பைக்குள் இருக்கட்டும்.

உடம்புக்கு. நனைந்த பருத்திச் சட்டையில் காற்றுப் பட்டால் நம் ஊரிலும் நடுக்கம் எடுக்கும். மாற்றுச் சட்டையும் துண்டும் பிளாஸ்டிக் உறையில் கட்டி எடுத்துப் போங்கள். மழையில் தாகம் தெரியாது; ஆனாலும் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள்.

இடி கேட்டால் இறங்குங்கள். உச்சி திறந்த வெளி. தனி மரமும் பாறை இடுக்கும் மின்னலுக்குப் பாதுகாப்பல்ல. உச்சியிலுள்ள ரங்கநாதர் கோயில் இன்னும் பத்தே நிமிடம் என்றாலும் அப்போது கீழே வருவதுதான் முறை.

இறக்கத்துக்குப் பலம் வைத்திருங்கள். சறுக்குவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். களைத்த முழங்காலும் ஈரக் கல்லும் சேரக் கூடாது. காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். பிற்பகலுக்கு மேல் ஏற விடவும் மாட்டார்கள். அதே நாளில் கோட்டையின் இன்னொரு குன்றான கிருஷ்ணகிரியையும் சேர்க்காதீர்கள்.

ஏற முடியாவிட்டால் அந்த நாள் வீணல்ல. அடிவாரத்தில் கல்யாண மகால், நெற்களஞ்சியம், வேங்கடரமணர் கோயில் என்று பார்க்க நிறைய உண்டு. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.

நார்வேயில் மலைக்குப் போவோருக்கு ஒன்பது விதிகள் உண்டு. 1967 ஈஸ்டர் விடுமுறையில் பலர் மலையில் இறந்தபின் அவை நாடெங்கும் பரப்பப்பட்டன. உரிய நேரத்தில் திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது அவற்றில் ஒன்று. நமக்கு அது புதிதல்ல. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகைக் கரையிலேயே நிறுத்துகிறவரை யாரும் கோழை என்பதில்லை. அந்த மரியாதையை மலைக்கும் கொடுப்போம். ஏறும் முன்பே பேசி வையுங்கள்: குழுவில் மிக மெதுவாக நடப்பவர் “போதும்” என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும், மறுபேச்சுக் கூடாது.