பேதிக்குச் சாப்பிடுதல்: கடைக்காரர் அறிந்திருக்க வேண்டியவை



நம்மில் பலர் அரிசி, பருப்பு, மிளகாய் விற்கிற அதே மேசையில் விளக்கெண்ணெய், நிலாவாரை, கடுக்காய் முதலியவற்றையும் விற்று வருகிறோம். ரந்தாவ், லிங்கி, பஹாவ் பக்கத்துத் தோட்டங்களில் முன்போல் ஜனங்கள் இல்லை. பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. ஆனாலும் பள்ளி விடுமுறை விட்டதும், "பிள்ளைக்குப் பேதிக்குக் கொடுக்கணும் பாய், நல்ல விளக்கெண்ணெயா கொடுங்க" என்று கேட்டு வரும் தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். வைத்தியம் பார்ப்பது நம் தொழிலல்ல. ஆனால் அளவையும் வேளையையும் அவர்கள் விசாரிப்பது நம்மிடத்தில்தான். ஆகையால் இவ்விஷயத்தை நாம் சற்று விளங்கிக்கொள்வது அவசியம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? சித்த வைத்தியத்தில் தேரையர் சொன்ன பிணியணுகா விதியில், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்தும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்தும், நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும் சொல்லப்பட்டிருக்கின்றன. யூனானி ஹகீம்களோ எடுத்த எடுப்பில் பேதி கொடுப்பதில்லை. சரீரத்திலுள்ள கெட்ட நீரைப் பக்குவப்படுத்த முன்ஜிஜ் என்னும் மருந்தைச் சில நாட்கள் கொடுத்து, அதன் பிறகே முஸ்ஹில் என்னும் பேதி மருந்தைக் கொடுப்பார்கள். இரு வைத்தியத்திலும் வயது, தேக பலம், பருவ காலம் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் மருந்து. நாளடைவில் மருந்து மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது, பார்க்கிற பார்வை போய்விட்டது.

பருவ காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் தனித்தனியே தெரியும். நெகிரி செம்பிலானில் வருஷம் முழுவதும் ஒரே உஷ்ணம். ஏப்ரலை ஒட்டி ஒரு மழை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை. இந்தத் தீபகற்பத்திலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்றான ஜெலுபுவும் இந்தச் சிறு மாநிலத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே ஊர்ப் பருவக் கணக்கை இங்கே அப்படியே பொருத்த முடியாது.

அப்படியானால் தோட்டத்தில் இவ்வழக்கம் ஏன் நிலைத்தது? என் எண்ணத்தில், பூச்சிதான் காரணம். வெறுங்காலோடு மண்ணில் நடந்தவர்களுக்குப் பாதத்தின் தோல் வழியாகவே கொக்கிப் புழு ஏறியது. அது குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும்; ஆள் வெளுத்துச் சோர்ந்து போவான். 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிலையம் அனுப்பிய டாக்டர்கள் குழு மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் இப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்து 1920ல் அறிக்கை வெளியிட்டது என்றால், அன்று இத்தொல்லை எவ்வளவு பெரிது என்பதை யூகித்துக்கொள்ளலாம். அக்காலத்தில் பூச்சி மருந்தோடு பேதி உப்பும் சேர்த்துக் கொடுப்பார்கள். பூச்சியைக் கொன்றது மருந்து. பெயர் வாங்கியது பேதி. விளக்கெண்ணெய்க்குப் பூச்சியைக் கொல்லும் சக்தி கிடையாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே பூச்சி மருந்து கொடுத்த திட்டம் 1974ல் தொடங்கி 1983ல் நின்றுபோயிற்று. இப்போது பார்மசியில் அல்பெண்டசோல் என்ற மாத்திரை கிடைக்கிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 400 மில்லிகிராம் ஒரே வேளை. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேளாமல் தொடக்கூடாது. பிள்ளைக்குப் பூச்சி என்று வருகிறவரைப் பார்மசிக்கு அனுப்பிவிடுவதே நேர்மை. நமக்கு ஒரு புட்டி எண்ணெய் விற்காது, அவ்வளவுதான்.

நிலாவாரையைப் பற்றி வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய உண்டு. அரபியில் சனா என்பது இதுதான். நாயகம் (ஸல்) அவர்கள் பேதிக்கு இதைச் சிறப்பித்துச் சொன்ன செய்தி திர்மிதியில் இருக்கிறது. அரபு நாட்டுச் செடியாகிய இது திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் வறண்ட நிலங்களில் நன்றாக விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறி, உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர் பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இதற்கு இடமுண்டு. இதன் சத்து பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் பிரிந்த பிறகே வேலை செய்கிறது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரமாகும். ஆதலால் இரவில் படுக்கும்போது சாப்பிடுவார்கள். விளக்கெண்ணெய் சிறுகுடலிலேயே விரைவாக வேலை செய்வதால் அதிகாலையில் கொடுப்பார்கள்.

இப்போது 'உடம்பைச் சுத்தி செய்யும் தேயிலை', 'மெலிய வைக்கும் தேயிலை' என்று வர்ணப் பெட்டிகளில் வருகின்றனவே, அவற்றில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இதே நிலாவாரைதான். பத்து வெள்ளிச் சரக்குக்கு ஐம்பது வெள்ளி விலை! உடம்பின் கழிவைப் பிரித்து வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும் நாள்தோறும் செய்கிற வேலை. பேதியானால் குடலில் இருப்பது இறங்கும், வேறொன்றுமில்லை. டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து இதைக் குடிக்கக்கூடாது. குடித்தால் உடம்பிலுள்ள பொட்டாசியம் என்ற உப்பு குறைந்து நெஞ்சுத் துடிப்பே தாறுமாறாகும். இரத்தக் கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். சர்க்கரை வியாதிக்காரர் மாத்திரையையும் போட்டு, பேதிக்கும் குடித்து, பட்டினியும் கிடந்தால் மயங்கி விழுவார். விளக்கெண்ணெய் கர்ப்பப்பையையும் முடுக்கிவிடும். கர்ப்பிணிக்கு ஆகவே ஆகாது. கைக்குழந்தைக்கும் தள்ளாத கிழவருக்கும் நீர் வற்றிப்போகும்.

ரமலானுக்கு முன் வயிற்றைச் சுத்தி செய்கிறோம் என்று ஷஃபான் கடைசியில் பேதிக்குக் குடிப்பவர் சிலர் உண்டு. நோன்பே வயிற்றுக்கு ஓய்வு. மலச்சிக்கல் இருந்தால் நோன்பு திறந்தபின் தண்ணீர், பப்பாளி, முருங்கைக்கீரை போதும். அதற்கும் மேல் வேண்டுமானால் இசப்கோல் உமியை நிறையத் தண்ணீரோடு சாப்பிடலாம். பொரித்த பலகாரத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டு மருந்தைத் தேடுவானேன்?

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. வயிறு வலிக்கிறதென்று பேதி மருந்து கேட்பவருக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்துத் தகப்பனார் அவசரமாக வந்து விளக்கெண்ணெய் கேட்டார். பையனுக்கு எத்தனை வயது, எங்கே வலி என்று விசாரித்தேன். முதலில் தொப்புளைச் சுற்றி வலித்து, பிறகு வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியதாம். காய்ச்சலும் வாந்தியும் இருந்தனவாம். எண்ணெய் இல்லை, உடனே சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றேன். அலமாரியில் புட்டி தெரிகிறதே என்று கோபித்துக்கொண்டுதான் போனார். பையனுக்குக் குடல்வால் வீங்கியிருந்தது. அன்றிரவே அறுவை செய்தார்கள். அந்த நிலையில் பேதி கொடுத்தால் குடல்வால் வெடித்து வயிறு முழுதும் சீழ் பரவக்கூடும்.

சரக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. நாம் விற்கும் விளக்கெண்ணெய்ப் புட்டிகளில் பல, விளக்கேற்றவும் தலைக்குத் தடவவும் வந்தவை. 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்தால் குடிப்பதற்குக் கொடுக்கலாகாது. ஆமணக்கு முத்தையே கேட்டு வருவோருக்கு அது விஷம் என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய் எடுக்கும்போது அவ்விஷம் பிண்ணாக்கோடு தங்கிவிடுவதால்தான் எண்ணெய் குடிக்கத் தகுந்ததாகிறது. பெட்டியிலும் புட்டியிலும் வரும் நாட்டு மருந்துகளுக்கு 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்று முடியும் பதிவு எண் உண்டா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத சரக்கை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் இறக்காதீர்கள்.